பை சீரோவைப் பென் ட்ரைவாக்கி மெஷினில் மாட்டியிருக்கிறீர்களா? கோளாறு வந்தால் பார்க்க வேண்டிய வரிசை

இலங்கையின் கிழக்குக் கரையில், காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனைப் பக்கம் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிற கடைகளில் ஒரு தொல்லை பொதுவானது. டிசைன் வரைகிற கொம்பியூட்டர் மேல்மாடியில், மெஷின் கீழே. ஒரு பென் ட்ரைவைக் கையில் வைத்துக்கொண்டு கடைப் பையன் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவான். அதைத் தீர்க்கத்தான் ராஸ்பெரி பை சீரோ என்ற சின்னஞ்சிறு கொம்பியூட்டரை மெஷினின் யூஎஸ்பி போர்ட்டில் மாட்டி, அதையே பென் ட்ரைவாக நடிக்க வைத்தேன். டிசைன் வைஃபை வழியாகப் பை சீரோவுக்குப் போகும், மெஷினுக்கு அது ஒரு சாதாரண பென் ட்ரைவ். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் இதற்கென்றே மாஸ் ஸ்டோரேஜ் காட்ஜெட் (காட்ஜெட் என்றால் கொம்பியூட்டர் போடுகிற யூஎஸ்பி வேடம்) என்ற ட்ரைவர் பல வருடமாக இருக்கிறது, அலன் ஸ்டேர்ன் என்பவர் எழுதிய கோட்டில் இருந்து வளர்ந்தது, நல்ல உறுதியான ட்ரைவர். இப்போது பதினொரு மெஷினில் ஓடுகிறது. ஆனாலும், “தம்பி, பென்னுக்குள்ள ஒண்டும் வரல்லயே” என்று போன் வராத கிழமை குறைவு.

கோளாறு என்றதும் ட்ரைவரைத் திறந்து பார்க்கத்தான் முதலில் ஆசை வரும். வேண்டாம். நான் போன இடங்களில் பெரும்பாலும் பிழை ட்ரைவருக்கு வெளியேதான் இருந்தது: வயர், கரண்ட், இல்லையென்றால் ஒரே இமேஜை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டது.

மெஷின், லப்டொப், டிவி என்று எதில் செருகினாலும் அதை ஹோஸ்ட் என்கிறேன். பை சீரோவுக்குள் இருக்கிற, ஹோஸ்ட்டுக்கு டிஸ்க்காகக் காட்டுகிற பெரிய பைல்தான் இமேஜ். அந்த இமேஜை மாட்டுகிற இடம் லன். இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் போதும்.

எந்த அறிகுறி என்றாலும் முதல் வேலை ஒன்றுதான். மெஷினில் இருந்து கழற்றி லினக்ஸ் போட்ட ஒரு லப்டொப்பில் செருகிப் பாருங்கள். மெஷினின் சின்னத் திரை எரர் என்பதோடு நின்றுவிடும். லப்டொப்பின் கேர்னல் லொக், அதாவது கேர்னல் எழுதுகிற குறிப்பு, நடந்ததை வரி வரியாகச் சொல்லும். பை சீரோவின் கேர்னல் லொக்கையும் வைஃபை வழியாகத் திறந்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை

ஹோஸ்ட் லொக்கில் ஒரு வரிகூட வராவிட்டால் இதுதான்.

முதலில் வயர். சார்ஜருடன் வருகிற மலிவு வயர்களில் பலவற்றுக்குள் கரண்ட் கம்பி இரண்டு மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இராது. பை சீரோவில் லைட் எரிவதைப் பார்த்து வயர் நல்லது என்று நம்பிவிடுவோம். ஒரு போனில் இருந்து படம் கொப்பி செய்து பார்த்த வயரை மட்டும் பாவியுங்கள். நான் அப்படிச் சோதித்த வயர்களுக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், கடைக்காரர் வேறு வயர் மாற்றியிருந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது போர்ட். பை சீரோவில் பார்க்க ஒரே மாதிரி இரண்டு மைக்ரோ யூஎஸ்பி இருக்கும். ஓரத்தில் இருப்பது பவருக்கு மட்டும், உள்பக்கம் இருப்பதுதான் டேட்டா. துடைக்கிறேன் என்று கழற்றி இடம் மாற்றிச் செருகுவது அடிக்கடி நடக்கும். போனில் பென் ட்ரைவ் மாட்டப் பாவிக்கிற ஓடிஜி வயர் போட்டிருந்தாலும் இதே கதைதான்: அந்த வயரின் தலையில் ஒரு பின் கிரவுண்டில் பொருத்தியிருக்கும், அதைக் கண்டதும் பை சீரோ தன்னையே ஹோஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும், மெஷினும் ஹோஸ்ட், ஒருவரை ஒருவர் காணாமல் இருப்பார்கள்.

வயரும் போர்ட்டும் சரி என்றால் பை சீரோவின் உள்ளே போங்கள். சிஸ் போல்டரின் கிளாஸ் பிரிவில் யூடிசி என்று ஒரு போல்டர் உண்டு, யூஎஸ்பி கன்ட்ரோலரின் பெயர் அதற்குள் இருக்க வேண்டும்.

அது வெறுமையாக இருந்தால்: யூஎஸ்பி கன்ட்ரோலரின் ட்ரைவர், அதாவது டிடபிள்யூசி2, ஏறவில்லை. பூட் கொன்பிக் பைலில் அதன் ஓவர்லே வரி, அதாவது அதை ஏற்றச் சொல்கிற வரி, இருக்கிறதா பாருங்கள். 2023 ஒக்டோபரில் வந்த ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வேர்ம் பதிப்பில் இருந்து அந்த பைல் பூட் போல்டருக்குள் ஃபேர்ம்வெயார் என்ற உள் போல்டருக்குப் போய்விட்டது. பழைய குறிப்பைப் பார்த்துப் பழைய இடத்தில் எழுதினால் எதுவும் மாறாது. வரி இருந்தும் ஏறவில்லை என்றால் அது எந்தப் பிரிவுக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். கொம்பியூட் மொடியூலுக்கான தலைப்பின் கீழே விழுந்திருந்தால் பை சீரோ அதை வாசிக்காது. எல்லா மொடலுக்கும் பொதுவான ‘ஓல்’ தலைப்பின் கீழே எழுத வேண்டும். ஒரு தடவை இதற்கு எனக்கு ஒரு பகல் முழுக்கப் போயிருக்கிறது.

பெயர் இருக்கிறது, ஆனால் காட்ஜெட்டை அதோடு இணைக்கும்போது பிழை வருகிறது என்றால்: பிழையின் சொல்லே காரணத்தைச் சொல்லும். ‘பிசி’ என்று வந்தால் வேறொரு காட்ஜெட், பெரும்பாலும் முன்பு பரிசோதனைக்குப் போட்ட யூஎஸ்பி நெட்வேர்க் மொடியூல், அந்தக் கன்ட்ரோலரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை இறக்குங்கள். ‘நோ சச் டிவைஸ்’ என்றால் காட்ஜெட்டைத் தொடக்குகிற உங்கள் ஸ்கிரிப்டில் எழுதிய கன்ட்ரோலர் பெயர் இந்த மொடலின் பெயர் இல்லை. முதல் பை சீரோவில் அது 20980000 என்று தொடங்கும், சீரோ 2-இல் 3 என்ற எண்ணில் தொடங்கும், எஸ்டி கார்டை ஒன்றில் இருந்து மற்றதற்கு மாற்றினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பெயரைக் கையால் எழுதாமல் யூடிசி போல்டரில் இருந்து எடுக்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். ‘இன்வலிட் ஆர்கியுமென்ட்’ என்றால் காட்ஜெட்டின் வேலையைச் சொல்கிற ஃபங்ஷனை அதன் கொன்பிகரேஷனோடு இணைக்க மறந்திருப்பீர்கள், இல்லையென்றால் ரிமூவபிள் (டிஸ்க்கைக் கழற்றலாமா என்கிற அமைப்பு) என்பதைப் பூச்சியமாக வைத்துவிட்டு லன்னுக்கு இமேஜே கொடுக்காமல் விட்டிருப்பீர்கள்.

எல்லாம் சரி, லப்டொப்பில் வருகிறது, மெஷினில் மட்டும் வரவில்லை என்றால்: நேரத்தைப் பாருங்கள். சில மெஷின்கள் சுவிட்ச் போட்டவுடன் ஒரே ஒரு தடவைதான் யூஎஸ்பியைத் தேடும். மெஷினில் இருந்தே கரண்ட் எடுக்கிற பை சீரோ அந்த நேரம் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருக்கும். அதற்குத் தனியாக ஒரு சார்ஜர் கொடுத்து முன்கூட்டியே எழுப்பி வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் டேட்டா வயரில் உள்ள 5 வோல்ட் கம்பியை வெட்டிவிடுங்கள், இது கட்டாயம். பை சீரோவில் இரண்டு போர்ட்டின் 5 வோல்ட்டும் உள்ளே ஒன்றாகத்தான் சேர்ந்திருக்கிறது, வெட்டாவிட்டால் சார்ஜரின் கரண்ட் மெஷினின் போர்ட்டுக்குள் திரும்பிப் போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் யூடிசி போல்டருக்குள் உள்ள ஸ்டேட் பைல் ‘நாட் அட்டாச்ட்’ என்றே நின்றால், போர்ட்டின் சோல்டர் விட்டிருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்து இரும்பு வைக்காதீர்கள். போன் திருத்துகிற, மைக்ரோஸ்கோப் உள்ள கடையில் கொடுங்கள்.

## அறிகுறி: ஏதோ செருகியது தெரிகிறது, ஆனால் அடையாளம் காண முடியவில்லை என்கிறது

விண்டோஸ் என்றால் ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்ட்’. லினக்ஸ் லொக்கில் டிஸ்க்ரிப்டரை, அதாவது சாதனம் தன்னைப் பற்றிச் சொல்கிற விவரத்தை, வாசிப்பதில் பிழை, பக்கத்தில் -71 அல்லது -110 என்று ஒரு எண். -71 வந்தால் கம்பியில் போகிற சிக்னல் சிதைகிறது என்று வையுங்கள், -110 வந்தால் ஹோஸ்ட் கேட்டுக் காத்திருந்தும் பதில் வரவில்லை. இரண்டுக்கும் நான் முதலில் மாற்றுவது வயரைத்தான், குட்டையான தடித்த வயர். இடையில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மறுகா கரண்ட். பெரிய பை மொடல்களில் வோல்ட் 4.63-க்குக் கீழே போனால் கேர்னல் லொக்கில் ‘அண்டர் வோல்டேஜ்’ என்று எழுதும், பை சீரோ வகையில் அதைக் கண்டுபிடிக்கிற சுற்றே இல்லை. அதனால் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையில் த்ரொட்டில் நிலையைக் கேட்டு வெறும் பூச்சியம் வந்தாலும் கரண்ட் சரி என்று நம்பாதீர்கள். மெஷினின் மோட்டார் இழுக்கும்போது மட்டும் பிழை வந்தால் சந்தேகமே வேண்டாம், தனிச் சார்ஜர் போடுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நிலம் இது. வாடைக் காலத்து ஈரத்தில் உப்பு ஏறி போர்ட்டின் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும், கச்சான் வீசுகிற மாதங்களில் அதன் மேல் தூசி, எம்பிராய்டரிக் கடை என்றால் நூல் பஞ்சும் சேரும். கரண்டை நிறுத்திவிட்டு, ஐசோப்ரோபைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். கல்லடியில் ஒரு கடையில் நவம்பர் மழையோடு தொடங்கிய -71 அப்படித் துடைத்ததோடு நின்றது.

மெஷினின் போர்ட்டே ஆடினால், வேறு நல்ல பென் ட்ரைவ் செருகினாலும் இதே பிழை வந்தால், அது உங்கள் வேலை இல்லை. மெஷின் விற்ற கொம்பனியின் ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: ட்ரைவ் வருகிறது, ‘டிஸ்க்கைச் செருகவும்’ என்கிறது

யூஎஸ்பி பக்கம் நன்றாக இருக்கிறது, லன் மட்டும் காலி. லன் போல்டருக்குள் ‘பைல்’ என்ற பைலைத் திறந்தால் இமேஜின் முழுப் பாதை தெரிய வேண்டும். வெறுமையாக இருந்தால் பூட்டின்போது உங்கள் ஸ்கிரிப்ட் இமேஜைத் தேடிய நேரத்தில் அது இருந்த பார்ட்டிஷன் இன்னும் மவுண்ட் ஆகவில்லை (பாவிக்கும்படி இணையவில்லை), இல்லையென்றால் இமேஜின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். சேவிஸ் பைலில் எந்த மவுண்டுக்குப் பிறகு ஓட வேண்டும் என்று எழுதிவிட்டால் தீரும். அளவு பூச்சியம் என்று காட்டினால் இமேஜின் அளவையே பாருங்கள், எஸ்டி கார்டு நிரம்பியிருக்கும்போது கொப்பி செய்த இமேஜ் பாதியில் நின்றிருக்கும்.

## அறிகுறி: லப்டொப்பில் திறக்கிறது, மெஷின் மட்டும் போர்மட் செய்யவா என்று கேட்கிறது

செய் என்று அழுத்தாதீர்கள். இமேஜைக் கொப்பி எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

லினக்ஸும் விண்டோஸும் எந்த டிஸ்க்கையும் எப்படியாவது வாசித்துவிடும். மெஷினுக்குள் இருக்கிற சின்ன சொப்ட்வெயார் அப்படியில்லை, தனக்குப் பழக்கமான ஒரே அமைப்பைத்தான் அறியும். இமேஜை நேரடியாக ஃபேட் என்று போர்மட் செய்திருந்தால், அதாவது டிஸ்க்கின் பங்குகளைச் சொல்கிற பார்ட்டிஷன் டேபிள் இல்லாவிட்டால், பல மெஷின்களுக்கு அது டிஸ்க்கே இல்லை. பழைய முறை எம்பிஆர் டேபிள் போட்டு, 2048-ஆம் செக்டரில் தொடங்குகிற ஒரே ஒரு ஃபேட் 32 பார்ட்டிஷன் வையுங்கள். அதன் வகை எண்ணும் ஃபேட் 32 என்று இருக்க வேண்டும், லினக்ஸ் வகை என்று விட்டால் லப்டொப் பொருட்படுத்தாது, மெஷின் பொருட்படுத்தும். அதற்கும் மசியவில்லை என்றால் 2 ஜிபிக்குக் குறைத்து ஃபேட் 16, அதுவும் இல்லையென்றால் டேபிளே இல்லாமல். டிசைன் பைல்கள் சின்னவை, 512 எம்பி இமேஜ் ஒரு கடைக்குத் தாராளம். பெரிய இமேஜ் வைத்தால் மெஷின் திறக்கவே நேரம் எடுக்கும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் நினைக்கவே வேண்டாம்.

சரியான அமைப்பைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த மெஷினே போர்மட் செய்த நிஜமான பென் ட்ரைவ் ஒன்றை வாங்கி, அதன் முதல் செக்டரையும் பார்ட்டிஷன் விவரத்தையும் பார்த்து அதே மாதிரி இமேஜ் செய்யுங்கள். மணிக்கணக்கு மிச்சமாகும்.

டிஸ்க் திறந்து பைல் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் பெயரைச் சுருக்குங்கள். எட்டு எழுத்துக்குள், ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எண்ணிலும் மட்டும். டிசைனுக்கு வாடிக்கையாளரின் பெயரைத் தமிழில் எழுதி வைத்த ஒரு கடையில் மெஷின் அந்த போல்டரைத் திறந்ததுமே உறைந்து நின்றது.

## அறிகுறி: புது டிசைன் தெரியவில்லை, அல்லது பழையதும் புதியதும் கலந்து வருகிறது

அதிகமாக வருவதும் இதுதான், அதிகமாகச் சேதம் செய்வதும் இதுதான். கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஹோஸ்ட் தனக்குக் கொடுத்த டிஸ்க்கைத் தன் சொந்தம் என்றுதான் நினைக்கும். எந்த பைல் எங்கே தொடங்குகிறது என்கிற அட்டவணையை ஒரு தடவை வாசித்து நினைவில் வைத்துக்கொள்ளும், திரும்ப வாசிக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. நீங்கள் பை சீரோவில் அதே இமேஜை மவுண்ட் செய்து புது டிசைனைக் கொப்பி செய்தால் டிஸ்க்கின் உள்ளடக்கம் மாறிவிட்டது, ஹோஸ்ட்டின் நினைவில் இருக்கிற அட்டவணை பழையது. அதிர்ஷ்டம் இருந்தால் புது டிசைன் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இல்லையென்றால் பழைய பெயரைத் திறந்து, அந்த இடத்தில் இப்போது இருக்கிற புது டிசைனின் பாதியை வாசிக்கும். ஹோஸ்ட்டும் எழுதுகிற வகை என்றால் இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் அட்டவணையை ஒன்றின் மேல் ஒன்று எழுதி இமேஜே நாசமாகும்.

காத்தான்குடியில் ஒரு காக்காவின், அதாவது அண்ணன் ஒருவரின், கடையில் நான் முதலில் போட்ட ஸ்கிரிப்ட் இதைத்தான் செய்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிசைனை மாற்றி எழுதியது, பூவேலை பாதியில் ஊசி துணியின் குறுக்கே போய் வேறொரு டிசைனைத் தைக்கத் தொடங்கியது. பெருநாளுக்குக் கொடுக்க வேண்டிய அபாயா ஒன்று வீணாகியது, அதற்கு நான் காசு கொடுத்தேன். அவர் திட்டவில்லை, “மறுகா இப்பிடி நடக்காமப் பாருங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் எல்லா ஸ்கிரிப்டிலும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் இமேஜைத் தொடலாம். வாசிக்க மட்டும் மவுண்ட் செய்கிறேன் என்பதும் தப்பு, நீங்கள் பார்ப்பதும் பழைய படமாகத்தான் இருக்கும்.

சோதிப்பது எளிது. பை சீரோவில் மவுண்ட் பட்டியலைப் பாருங்கள். லன்னில் மாட்டியிருக்கிற அதே இமேஜ் அங்கேயும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

மவுண்ட் பட்டியலில் இல்லை, முறையாகக் கழற்றித்தான் மாட்டுகிறேன், இருந்தும் தெரியவில்லை என்றால்: ரிமூவபிள் என்பது 1 என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் மாறும் என்றே ஹோஸ்ட் எதிர்பார்க்காது. லன்னின் பைலில் வெற்று வரி எழுதினால் டிஸ்க் வெளியே வந்ததாக ஹோஸ்ட்டுக்குப் போகும், புதுப் பாதையை எழுதினால் டிஸ்க் மாறியிருக்கலாம் என்கிற அறிவிப்பு, காரணத்தைச் சொல்கிற சென்ஸ் எண் 6, துணை எண் 28, அடுத்த கட்டளைக்குப் பதிலாகப் போகும். நல்ல ஹோஸ்ட் அதைக் கண்டதும் அட்டவணையைத் திரும்ப வாசிக்கும். மலிவான சொப்ட்வெயார் அதைக் கவனிக்காது, அல்லது சில விநாடிக்கு ஒரு தடவைதான் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்கும், நீங்கள் கண் இமைக்கும் நேரத்தில் மாற்றினால் அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் காலியாக ஐந்து விநாடி விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் யூடிசி பெயரை அழித்துத் திரும்ப எழுதுங்கள், வயரைப் பிடுங்கிச் செருகியது போலவே ஹோஸ்ட்டுக்குத் தோன்றும். நான் இப்போது பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

வெற்று வரி எழுதும்போது ‘பிசி’ என்று மறுத்தால்: ஹோஸ்ட் டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறது, அதாவது கழற்றக் கூடாது என்று கட்டளை அனுப்பியிருக்கிறது. அது ஏதோ வேலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு காத்திருங்கள். புதிய கேர்னல்களில் பலவந்தமாகக் கழற்ற ஒரு பைல் லன்னுக்குள் இருக்கிறது. மெஷின் தைத்துக்கொண்டிருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

நான் கடைசியாக வந்து நின்றது இரண்டு இமேஜ் முறையில். மெஷினிடம் ஒன்று இருக்கும்போது பை சீரோவில் மற்றதை மவுண்ட் செய்து, டிசைன்களைப் போட்டு, இறக்கி, சிங்க் செய்து தயாராக வைக்கலாம். மெஷின் பக்கத்தில் ஒரு சின்ன பட்டன், தைப்பவர் தன் வேலை முடிந்ததும் அதை அழுத்தினால் மட்டும் இரண்டும் இடம் மாறும். எப்போது மாற்றுவது என்பதை வைஃபையில் இருக்கிற ஸ்கிரிப்ட் தீர்மானிக்கக் கூடாது, மெஷினுக்கு முன்னால் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இமேஜ் ஏற்கெனவே குழம்பிவிட்டதா? லன்னில் இருந்து கழற்றி, முதலில் கொப்பி எடுத்து, கொப்பியின் மேல் ஃபேட் சரிபார்ப்பை ஓட்டுங்கள். மூல டிசைன்கள் மேல்மாடிக் கொம்பியூட்டரில் இருந்தால் திருத்திக்கொண்டிருக்காமல் புது இமேஜ் செய்வதுதான் நல்லது. வேறெங்கும் பிரதி இல்லாத டிசைன் அதற்குள் இருந்தால் எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, தரவு மீட்புத் தெரிந்தவரிடம் அந்தக் கொப்பியைக் கொடுங்கள்.

## அறிகுறி: எழுதத் தடை என்கிறது

நேற்று வரை எழுதியது இன்று எழுதவில்லை என்றால் இமேஜில் கோளாறு தேடாதீர்கள். எஸ்டி கார்டில் பிழை வந்தால் கேர்னல் தன் பைல் சிஸ்டத்தை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றிவிடும். இந்த ட்ரைவர் இமேஜை எழுதும்படி திறக்கப் பார்த்து, முடியாவிட்டால் முறையிடாமல் வாசிப்புக்கு மட்டும் திறந்துவிடும். ஹோஸ்ட்டுக்கு அது பூட்டிய பென் ட்ரைவ். லன்னுக்குள் ‘ஆர்ஓ’ என்ற பைல் நீங்கள் 0 போட்டும் 1 என்று காட்டினால் இதுதான் நடந்திருக்கிறது. பை சீரோ லொக்கில் எம்எம்சி, ஐஓ எரர் என்று வரிகள் இருந்தால் கார்டின் ஆயுள் முடிந்துவிட்டது, கொப்பி எடுத்துப் புதுக் கார்டு போடுங்கள்.

கரண்ட் போய் வருகிற இடங்களில் கார்டுகள் சீக்கிரம் போகின்றன. எழுதியதை உடனே கார்டில் பதிக்கச் சொல்லி ஹோஸ்ட் கேட்பதை அலட்சியம் செய்ய ஒரு அமைப்பு உண்டு, வேகத்துக்காக அதைப் போடச் சொல்வார்கள். மழை மாதத்தில் நாளுக்கு இரண்டு தடவை கரண்ட் போகிற ஊரில் அதைப் போடக் கூடாது.

## அறிகுறி: பாதியில் தொங்கி, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ரீசெட் ஆகிறது

லினக்ஸ் ஹோஸ்ட் ஒரு கட்டளைக்கு 30 விநாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் ரீசெட் செய்யும். ட்ரைவரில் நீங்கள் கை வைக்கவில்லை என்றால் இதுவும் பெரும்பாலும் சாகப் போகிற எஸ்டி கார்டுதான். கார்டு நல்லது, ஒரு குறிப்பிட்ட மெஷினோடு மட்டும் தொங்குகிறது என்றால் ஸ்டோல் என்ற அமைப்பை 0 ஆக்கிப் பாருங்கள். டேட்டா போகிற வாசலான எண்ட்பொயிண்டை நிறுத்திக் காட்டுவதைப் புரிந்துகொள்ளாத ஹோஸ்ட்கள் இருக்கின்றன.

ட்ரைவரை நீங்களே எழுதினாலோ மாற்றினாலோ கதை வேறு. நான் போல்டரில் இருந்து நேரடியாக டிஸ்க் காட்டுகிற மாதிரி ஒன்று எழுதிப் பார்த்தபோது சிக்கிய இடங்கள் இவை.

கட்டளைப் பொட்டலம் 31 பைட், நிலைப் பொட்டலம் 13 பைட், ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் ஹோஸ்ட் ரீசெட் செய்யும். கட்டளையில் வந்த டேக் எண்ணை அப்படியே நிலையில் திருப்பி அனுப்ப வேண்டும். பொட்டலத்தின் வெளி எண்கள் சிறிய பைட் முதலில், உள்ளே இருக்கிற ஸ்கஸி கட்டளையின், அதாவது டிஸ்க்குக்கான கட்டளையின், எண்கள் பெரிய பைட் முதலில். ஒரே பங்ஷனால் இரண்டையும் வாசித்தால் 1-ஆம் செக்டரைக் கேட்டதற்கு எங்கேயோ போவீர்கள். கொள்ளளவு கேட்டால் கடைசிச் செக்டரின் எண்ணைச் சொல்ல வேண்டும், மொத்த எண்ணிக்கையை அல்ல. 2048 செக்டர் இமேஜுக்குப் பதில் 2047. இந்தப் பிழையோடு விற்பனைக்கு வந்த நிஜப் பென் ட்ரைவ்களே இருக்கின்றன, அவற்றுக்காக லினக்ஸில் ஒரு விதிவிலக்கே எழுதியிருக்கிறார்கள். கேட்டதைவிடக் குறைவாகக் கொடுத்தால் மீதியை நிலையில் சொல்லுங்கள்: 255 பைட் கேட்டு 36 கொடுத்தால் மீதி 219. தெரியாத கட்டளை வந்தால் மௌனமாக இருக்காதீர்கள், தோல்வி நிலை அனுப்பி, சென்ஸ் கேட்டால் 5, துணை எண் 20 என்று சொல்லுங்கள். நான் தொங்கலை விட்டு வெளியே வந்தது இந்தக் கடைசி விடயத்தில்தான், மெஷின் அனுப்பிய ஏதோ ஒரு கட்டளைக்கு என் கோட் பதிலே சொல்லவில்லை.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டாம். லப்டொப்பில் யூஎஸ்பிமொன் மொடியூலை ஏற்றி வயர்ஷார்க்கில் பிடித்தால் ஒவ்வொரு பொட்டலமும் தெரியும். முதலில் ஒரு நிஜப் பென் ட்ரைவைச் செருகிப் பிடியுங்கள், மறுகா உங்களுடையதை, இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே பிரிகிறது என்று பாருங்கள். பிரிகிற முதல் இடம்தான் பிழை, அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதன் விளைவு. வயரையும் போர்ட்டையும் கணக்கில் இருந்தே எடுத்துவிட வேண்டுமென்றால் டம்மி எச்சிடி என்ற மொடியூல் உங்கள் கேர்னலில் இருக்கிறதா பாருங்கள், ஒரே கொம்பியூட்டருக்குள்ளேயே போலி ஹோஸ்ட்டையும் போலிக் கன்ட்ரோலரையும் தரும். அங்கே ஓடி பை சீரோவில் ஓடாவிட்டால் உங்கள் கோட்டை விட்டுவிட்டுத் திரும்பவும் வயருக்குப் போங்கள்.

பை சீரோவே உறைந்து கேர்னல் ஊப்ஸ் என்கிற பிழை அறிக்கையை எழுதினால் அந்த லொக்கைப் படம் எடுத்து வைத்து, பழைய கேர்னலுக்குத் திரும்பிப் பாருங்கள். வாடிக்கையாளரின் மெஷினில் வைத்துக் கேர்னல் திருத்துகிற வேலை வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யுங்கள்.

## அறிகுறி: மெஷினையோ பை சீரோவையோ தொட்டால் சுள்ளென்கிறது

இதை அறிகுறி என்று பலர் சொல்லவே மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். மெஷினுக்கு எர்த் இல்லாமல், மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றிப் போட்டிருப்பார்கள்; நீங்கள் தனிச் சார்ஜர் போட்டதும் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் யூஎஸ்பி வயர் வழியாக ஓடும். -71 பிழைக்கும் போர்ட் எரிவதற்கும் இது காரணமாகலாம், ஆனால் அதைவிட, அந்த மெஷினில் ஒருவர் நாள் முழுக்கக் கை வைத்து வேலை செய்கிறார். 230 வோல்ட் சமாச்சாரத்தில் நீங்கள் டெஸ்டரோடு இறங்க வேண்டாம். வயரைக் கழற்றுங்கள், மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள், அவர் எர்த்தை அளந்து சரி என்று சொன்ன பிறகு மட்டும் பை சீரோவைத் திரும்ப மாட்டுங்கள்.